மகனுக்கு மனநோய், வீட்டைக் காலி செய்யச் சொல்கிறார்கள்: நல்லம்பள்ளி பக்கம் ஒரு குடும்பத்துக்கு எங்கிருந்து தொடங்குவது?

நல்லம்பள்ளிக்காரி | திங்கள் இரவு

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் மகளிர் குழுவில் இருக்கும் ஒரு அக்காவுக்காகக் கேட்கிறேன். ஊர்ப் பெயரும் ஆள் பெயரும் வேண்டாம்.

அவருடைய கணவர் பெங்களூரில் கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து இறந்து ஒன்றரை வருஷம் ஆகப்போகிறது. மகனுக்கு 23 வயது. ஐ.டி.ஐ. முடித்து ஓசூரில் ஒரு கம்பெனியில் கொஞ்ச காலம் வேலை பார்த்தான். அப்புறம் தனியாகப் பேச ஆரம்பித்தான். யாரோ தன்னைப் பற்றிப் பேசுகிறார்கள், சாப்பாட்டில் ஏதோ கலக்கிறார்கள் என்றான். இப்போது ராத்திரியில் எழுந்து கத்துகிறான். யாரையும் அடித்தது கிடையாது. மகள் ஒன்பதாவது படிக்கிறாள்.

ஷீட் போட்ட வாடகை வீடு. பங்குனி முடிவதற்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார் வீட்டுக்காரர். இந்தப் பையனை வைத்துக்கொண்டு போனால் வேறு யாரும் வீடு தர மாட்டேன் என்கிறார்கள். விதவை உதவித்தொகைக்கு மனு கொடுத்தபோது "வயசுக்கு வந்த பையன் இருக்கான்ல" என்று வாய்வார்த்தையாகச் சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். குழுக் கடன் போக, வாரத் தவணைக் கடன் இரண்டு இருக்கிறது. மனநோய் தீரும் என்று நம்பி குணசீலம் கோயிலுக்குக் கூட்டிப் போனார். மந்திரிப்பவர் ஒருவரிடமும் போனார். கையில் இருந்த கொஞ்சநஞ்சமும் அதில் போய்விட்டது.

போன வாரம் களை எடுக்கும்போது என்னிடம், "நானும் அவனும் போய்ச் சேர்ந்துட்டா, பொண்ணு பாட்டி வீட்ல இருந்துக்கும்" என்றார். அதைக் கேட்டதிலிருந்து எனக்கு மனசே சரியில்லை. வீடா, உதவித்தொகையா, ஆஸ்பத்திரியா, எதை முதலில் பிடிப்பது? தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

அரூர் ஸ்டாஃப் நர்ஸ் | திங்கள் இரவு

தங்கச்சி, வீடும் உதவித்தொகையும் பிறகு பார்க்கலாம். அந்தக் கடைசி வார்த்தையைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

நாளைக் காலையில் அவரைத் தனியாகப் பார்த்து நேராகவே கேளுங்கள்: "அக்கா, சாகணும்னு நினைக்கிறியா?" அப்படிக் கேட்டால் அந்த எண்ணத்தை நாமே தூண்டிவிடுவோமோ என்று பலர் பயப்படுகிறார்கள். அப்படி ஆவதில்லை. யாராவது கேட்க மாட்டார்களா என்று இருப்பவர்கள்தான் அதிகம். வீட்டில் பூச்சி மருந்து எதுவும் இருந்தால் எடுத்து உங்கள் வீட்டிலோ வேறு யார் வீட்டிலோ வைத்துவிடுங்கள். நம் மாவட்டத்தில் பூச்சி மருந்தை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. மனம் உடைந்த அந்தக் கொஞ்ச நேரத்தில் கைக்கு எட்டும் தூரத்தில் அது இல்லாமல் இருந்தாலே பல உயிர் தப்புகிறது. இரண்டு மூன்று நாளைக்கு ராத்திரியில் யாராவது துணைக்குப் படுத்துக்கொள்ள முடியுமா பாருங்கள்.

14416 என்ற அரசு மனநல உதவி எண்ணில் 24 மணி நேரமும் தமிழில் பேசலாம், காசு கிடையாது. 104-லும் பேசலாம். அவர் பேசத் தயங்கினால் பக்கத்தில் உட்கார்ந்து நீங்களே முதலில் பேசிவிட்டு போனைக் கொடுங்கள்.

ஆஸ்பத்திரிக்குப் போகும்போது அம்மாவுக்கும் ஒரு ஓ.பி. சீட்டு போடுங்கள். பையனுக்கு மட்டும் போட்டால் டாக்டர் பையனை மட்டும்தான் பார்ப்பார்.

பாலக்கோடு இ-சேவை | செவ்வாய் காலை

நர்ஸ் அக்கா சொன்னதுதான் முதல் வேலை. அதற்குப் பிறகு ஆஸ்பத்திரி, மாற்றுத்திறனாளிச் சான்று, உதவித்தொகை, வீடு. இந்த வரிசையை மாற்றினால் எதுவும் நகராது. தினமும் கவுன்ட்டரில் இதைத்தான் பார்க்கிறேன். சான்று இல்லாமல் உதவித்தொகை கேட்டு வருவார்கள். சிகிச்சையே இல்லாமல் சான்று கேட்டு வருவார்கள்.

2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் உள்ள 21 வகைகளில் மனநோயும் ஒன்று. இது பலருக்கும் தெரியாது. கை கால் நன்றாக இருக்கிறதே, இவனுக்கு எப்படி அட்டை தருவார்கள் என்று பெற்றவர்களே கேட்கிறார்கள். 40 சதவீதமும் அதற்கு மேலும் பாதிப்பு இருப்பதாக மனநல மருத்துவர் சான்று கொடுத்தால் மாற்றுத்திறனாளி உதவித்தொகைக்கு மனு செய்யலாம். மாதம் 1,500 ரூபாய். தனித்துவ அடையாள அட்டைக்கு ஆன்லைனில் பதிய வேண்டும். ஆதார், போட்டோ, சிகிச்சைக் காகிதம் எல்லாம் வேண்டும்.

மனநோய்க்குச் சான்று தர ஐடியாஸ் என்று ஒரு அளவுகோல் வைத்திருக்கிறார்கள். தன்னைத் தானே பார்த்துக்கொள்வது, மற்றவர்களோடு பழகுவது, பேச்சும் புரிதலும், வேலை, இவற்றோடு எத்தனை காலமாக நோய் இருக்கிறது என்பதையும் சேர்த்துக் கணக்குப் போடுவார்கள். அதனால் பழைய ஓ.பி. சீட்டு, மாத்திரைச் சீட்டு ஒன்றைக்கூடத் தூக்கிப் போடாதீர்கள். எத்தனை காலம் என்பதற்கு அதுதான் சாட்சி.

அம்மாக்கள் டாக்டர் முன்னால் பிள்ளையை விட்டுக்கொடுக்காமல் பேசுவார்கள். "நல்லாத்தான் இருக்கான் சார், எப்பவாவது கோபப்படுவான்" என்பார்கள். டாக்டர் அதைத்தான் எழுதுவார். குளித்து எத்தனை நாள் ஆகிறது, ராத்திரி எத்தனை மணிக்கு எழுந்தான், கடைசியாக எப்போது வேலைக்குப் போனான் என்று ஒரு நோட்டில் எழுதி எடுத்துப் போகச் சொல்லுங்கள்.

அம்மாவுக்கு மகளிர் உரிமைத் தொகை 1,000 வருகிறதா? பையனின் மாற்றுத்திறனாளி தொகை அதைப் பாதிக்காது. ஆனால் அம்மாவுக்கே விதவை உதவித்தொகை 1,200 கிடைத்தால் அந்த 1,000 நின்றுவிடும். கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள். குடும்பத்துக்கு இப்போது பெரிதாக உதவப்போவது பையனின் 1,500-தான்.

காவேரிப்பட்டணம் மாந்தோப்பு | செவ்வாய் மதியம்

நான் வீட்டுக்காரர் பக்கத்திலிருந்து பேசுகிறேன், யாரும் கோபப்பட வேண்டாம். எனக்கும் வாடகைக்கு விட்ட வீடுகள் இருக்கின்றன. இதே மாதிரி ஒரு குடும்பம் எங்கள் வீட்டில் இருந்தது. ராத்திரி ஒரு மணிக்குச் சத்தம் கேட்கும். பக்கத்து வீட்டில் கைக்குழந்தை. எல்லோரும் என் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். நான் யார் கதவைத் தட்டுவது? போலீசைக் கூப்பிட மனசு வராது. சொந்தக்காரர் யாரும் போனை எடுக்க மாட்டார்கள். அந்தப் பையன்மேல் எனக்குக் கோபமே கிடையாது. ராத்திரியில் நான் தனியாக மாட்டிக்கொண்டு நின்றதுதான் பிரச்சினை.

பையனை நல்ல இல்லம் ஒன்றில் சேர்த்துவிட்டால் அம்மாவும் பெண்ணும் நிம்மதியாக இருப்பார்களே என்று தோன்றுகிறது. தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஓசூர் பி ஷிப்ட் | செவ்வாய் நள்ளிரவு

வேலை முடிந்து வந்து இப்போதுதான் படித்தேன். மாந்தோப்பு அண்ணாவுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

எனக்கும் இதே நோய். இந்தப் பெயரில் எழுதுவதால்தான் சொல்ல முடிகிறது. கம்பெனியில் யாருக்கும் தெரியாது. எனக்கும் குரல்கள் கேட்டன. என் அம்மா என்னைக் கொல்லப் பார்க்கிறாள் என்று முழுசாக நம்பினேன். இன்றைக்கு மாத்திரை போட்டுக்கொண்டு சிப்காட்டில் மெஷின் ஓட்டுகிறேன், வீட்டு வாடகை நான்தான் கட்டுகிறேன். அந்தச் சமயத்தில் என்னை இல்லத்தில் விட்டிருந்தால் நான் எங்கே இருந்திருப்பேன் என்று தெரியவில்லை.

வீட்டில் வைத்துப் பார்க்க முடியாத நிலை வரும், அது உண்மை. அப்போது ஆஸ்பத்திரியில் சேர்ப்பது வேறு. குணமானதும் வீட்டுக்கு வரலாம். 2017 மனநலச் சட்டத்தின் 19-ஆம் பிரிவு, குடும்பம் ஏற்கவில்லை, வீடு இல்லை என்ற காரணத்துக்காக மட்டும் ஒருவரை மனநல நிலையத்தில் வைத்திருக்கக் கூடாது என்று சொல்கிறது. ஊருக்குள் எல்லோரோடும் வாழ்வது எங்களுக்கும் உரிமை. 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த இல்லத்தில் சங்கிலியில் கட்டிப் போட்டிருந்த 28 பேர் தீயில் செத்தார்கள். அவர்களையும் "நல்லா பார்த்துக்குவாங்க" என்று நம்பித்தான் குடும்பங்கள் விட்டுவிட்டு வந்திருக்கும்.

நல்லம்பள்ளி அக்கா, அந்தத் தம்பியிடம் யாராவது பேசினீர்களா? இந்த இழையில் எல்லோரும் அவனைப் பற்றிப் பேசுகிறோம். "உனக்குப் பைத்தியம், வா ஆஸ்பத்திரிக்கு" என்றால் நான் வந்திருக்க மாட்டேன். என் மாமா, "ராத்திரி தூக்கம் வரலைல்ல, அதுக்கு மருந்து வாங்கிட்டு வரலாம் வா" என்றார். அது பொய் இல்லை. எனக்கு உண்மையிலேயே தூக்கம் வரவில்லை. அதனால் போனேன்.

மாத்திரை ஆரம்பித்ததும் சிலருக்குக் கை நடுங்கும், வாயில் எச்சில் ஊறும், நாள் முழுக்கத் தூக்கமாக இருக்கும். பயந்து நிறுத்திவிடுவார்கள். நிறுத்தாமல் டாக்டரிடம் சொன்னால் மாற்றிக் கொடுப்பார்கள். தினமும் மாத்திரை விழுங்கப் பிடிக்காதவர்களுக்குச் சில வாரங்களுக்கு ஒருமுறை போடும் ஊசியும் உண்டு. அதைக் கேட்டுப் பாருங்கள்.

காவேரிப்பட்டணம் மாந்தோப்பு | புதன் காலை

தம்பி, நீங்கள் எழுதியதை ரெண்டு தடவை படித்தேன். இல்லம் என்று சொன்னதை விட்டுவிடுகிறேன்.

ஆனால் வீட்டுக்காரர் விஷயத்தில் ஒரு யோசனை. ராத்திரி எத்தனை மணியானாலும் போனை எடுத்து, வந்து நிற்பதற்கு இரண்டு பேர் இருக்கிறார்கள் என்று அவருக்குத் தெரிந்தால் அவர் மனசு மாற வாய்ப்பு இருக்கிறது. வாடகைக்கு ஜாமீன் நிற்பதைவிட இது பெரிய விஷயம். எனக்கு அப்படி இரண்டு பேர் இருந்திருந்தால் அந்தக் குடும்பத்தை நான் அனுப்பியிருக்க மாட்டேன்.

நல்லம்பள்ளிக்காரி | புதன் இரவு

எல்லோருக்கும் நன்றி. அக்காவிடம் நேரே கேட்டேன். ரொம்ப நேரம் அழுதார். "கேக்க ஆள் இல்லாமதான்டி" என்றார். பூச்சி மருந்து டப்பா இப்போது எங்கள் வீட்டில். குழுவில் இரண்டு பேர் முறை வைத்து அவரோடு படுத்துக்கொள்கிறோம்.

ஓசூர் தம்பி சொன்ன மாதிரி தூக்கத்தைப் பற்றித்தான் பையனிடம் பேசினோம். வருகிறேன் என்று சொல்லியிருக்கிறான். அரசு ஆஸ்பத்திரியில் காசு கேட்பார்களா? ரேஷன் கார்டில் அவன் பெயர் இருக்கிறது. ஆனால் ஆதாரில் பென்னாகரம் பாட்டி வீட்டு முகவரி இருக்கிறது. அதனால் பிரச்சினை வருமா?

அரூர் ஸ்டாஃப் நர்ஸ் | புதன் இரவு

நல்ல வேலை செய்தீர்கள். தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. காசு கிடையாது, மாத்திரையும் அங்கேயே இலவசம். வறுமையில் இருப்பவருக்கு, வறுமைக்கோட்டு அட்டை கையில் இல்லாவிட்டாலும், மனநல சிகிச்சை இலவசம் என்று 2017 சட்டமே சொல்கிறது. சிகிச்சைக்கு முகவரி ஒரு தடையே இல்லை.

பெங்களூர் நிம்ஹான்ஸ் போகலாமா என்று பலர் கேட்பார்கள், நமக்கு அது பக்கம்தான். பெரிய ஆஸ்பத்திரி, நல்ல டாக்டர்கள். ஆனால் மாதா மாதம் ஒரு நாள் கூலியை விட்டு, பஸ் செலவும் சாப்பாட்டுச் செலவும் போட்டுப் போய்வர இந்தக் குடும்பத்தால் முடியுமா? முதல் இரண்டு மாதம் போய்விட்டு நிறுத்திவிடுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். தொடர்ந்து போகக்கூடிய இடம்தான் நல்ல இடம். மாவட்ட மனநலத் திட்டத்து டாக்டர் குறிப்பிட்ட நாட்களில் தாலுகா ஆஸ்பத்திரிகளுக்கும் வருவார். முதல் தடவை தருமபுரியில் காட்டிவிட்டு, மாத்திரை வாங்குவதற்குப் பக்கத்து ஊரில் எந்த நாள் என்று அங்கேயே கேட்டு வையுங்கள்.

பாலக்கோடு இ-சேவை | வியாழன் காலை

ஆதார் முகவரியை இப்போது தொடாதீர்கள். வீடு உறுதியாகாமல் மாற்றினால் திரும்பவும் மாற்ற வேண்டி வரும். பென்னாகரமும் தருமபுரி மாவட்டம்தான். உதவித்தொகை மனு போடும்போது மட்டும் எந்தத் தாலுகா என்ற கேள்வி வரும். அதற்குள் வீடு முடிவாகிவிட்டால் சரி.

விதவை உதவித்தொகை விஷயத்தில் வாய்வார்த்தையாக வந்த பதிலை ஏற்கவே கூடாது. திரும்ப மனுப் போட்டு, மகனின் சிகிச்சைக் காகிதத்தை இணைத்து, "மகனால் சம்பாதிக்க இயலாது, நான்தான் அவனைப் பராமரிக்கிறேன்" என்று எழுதுங்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் கொடுத்தால் மனுவுக்கு எண் கிடைக்கும். அந்த எண்ணை வைத்துத்தான் பின்னால் பேச முடியும். ஆட்கள் கும்பலாகப் போக வேண்டாம், படிக்கத் தெரிந்த ஒருவர் கூடப் போனால் போதும்.

ஊத்தங்கரை வாத்தியார் | வியாழன் மாலை

எல்லோரும் மகனையே பார்க்கிறோம். அந்த ஒன்பதாம் வகுப்புப் பெண்ணை யாராவது பார்த்தீர்களா?

இருபது வருஷத்துக்கு மேல் இந்த இரண்டு மாவட்டத்துப் பள்ளிகளில்தான் வேலை பார்க்கிறேன். வீட்டில் அப்பா இல்லை, அண்ணனுக்கு உடம்பு சரியில்லை என்றால் அடுத்த வருஷம் அந்தப் பெண் வருகைப் பதிவேட்டில் இருக்க மாட்டாள். "பாதுகாப்பு இல்ல, ஒருத்தன் கையில புடிச்சுக் குடுத்துடலாம்" என்று மாமாவோ சித்தப்பாவோ ஆரம்பிப்பார்கள். அவள் வகுப்பாசிரியரிடம் இப்போதே ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். கல்யாணப் பேச்சு எழுந்தால் குழந்தைகள் உதவி எண் 1098.

உதவிக்கும் வழி இருக்கிறது. கணவரை இழந்த தாயின் பிள்ளைகளுக்கு மிஷன் வாத்சல்யா திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய் ஆதரவுத் தொகை உண்டு. கிராமப்புறத்தில் குடும்ப ஆண்டு வருமானம் 72,000-க்குள் இருக்க வேண்டும். ஆட்சியர் அலுவலகம் வழியாக மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் மனு கொடுக்க வேண்டும். கேட்ட எல்லோருக்கும் உடனே கிடைத்துவிடாது, நிதி ஒதுக்கீட்டைப் பொறுத்தது. ஆனாலும் மனு இருக்கட்டும். பன்னிரண்டு முடித்துக் கல்லூரிக்குப் போனால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 வரும் என்பதை அந்தப் பெண் காதில் போட்டு வையுங்கள். அது அவள் அம்மாவிடம் பேசுவதற்கு ஒரு காரணமாக இருக்கும்.

இன்னொன்று. தந்தை வேலை செய்யும் இடத்தில் இறந்தவர். 1923-லிருந்தே தொழிலாளர் இழப்பீட்டுக்குச் சட்டம் இருக்கிறது. மனு கொடுக்க இரண்டு வருஷக் கெடு. ஒன்றரை முடியப்போகிறது என்கிறீர்கள், தள்ளிப் போடாதீர்கள். பெங்களூருக்கு அலைய வேண்டியதில்லை, குடும்பம் குடியிருக்கும் இடத்திலேயே மனு கொடுக்கலாம். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு, 15100-ல் கேளுங்கள். மேஸ்திரி யார், எந்த சைட், கூட வேலை செய்தவர் யார், போஸ்ட்மார்ட்டம் காகிதம், எஃப்.ஐ.ஆர். நகல், இதெல்லாம் இப்போதே தேடி எடுத்து வையுங்கள். ஆட்கள் வேறு ஊருக்குப் போய்விட்டால் பிறகு கிடைக்க மாட்டார்கள்.

தேன்கனிக்கோட்டை தோழர் | வியாழன் இரவு

எல்லாம் சரி. ஆனால் இந்த இழை முழுக்க நாமே ராத்திரி துணைக்குப் படுக்க வேண்டும், நாமே போனை எடுக்க வேண்டும் என்று போகிறது. இது அரசாங்கம் செய்ய வேண்டிய வேலை இல்லையா? கூலி வேலை செய்யும் பெண்கள் தலையில் இன்னொரு சுமையை ஏற்றிவிட்டு, சமூக ஆதரவு என்று பெயர் வைத்துவிடுவார்கள்.

2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கியது நம் சூளகிரி பக்கம் சாமனப்பள்ளியில். பிரஷர், சுகர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. அதைக் கொண்டுவரும் அதே பெண், டாக்டர் எழுதிக் கொடுத்த மனநல மாத்திரையையும் கொண்டுவந்து, "தூங்கினானா, சாப்பிட்டானா" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போகக் கூடாதா? அதைக் கேட்டு கிராம சபையில் தீர்மானம் போடுங்கள் என்கிறேன்.

வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் 360 சதுர அடி வீட்டுக்கு 3.5 லட்சம் தருகிறார்கள். ஆனால் சொந்த இடம் வேண்டும். வாடகை வீட்டில் இருப்பவருக்கு அது எட்டாது. அதனால் முதலில் இலவச வீட்டுமனைப் பட்டா கேட்க வேண்டும். ஊரில் நத்தம், அதாவது குடியிருப்புக்கான அரசு நிலம், காலியிடமாக இருக்கிறதா என்று வி.ஏ.ஓ.விடம் விசாரியுங்கள். ஓடை, ஏரி, மேய்ச்சல் நிலம் என்றால் ஆட்சேபணை உள்ள புறம்போக்கு, அதில் பட்டா கேட்டு வருஷக்கணக்கில் அலையாதீர்கள். ஜமாபந்தியில், அதாவது தாலுகாவில் வருஷா வருஷம் நடக்கும் வருவாய்க் கணக்குத் தணிக்கையில், மனு கொடுங்கள். அங்கே வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாசில்தார் எல்லோரும் கணக்கோடு ஒரே இடத்தில் உட்கார்ந்திருப்பார்கள், கேள்விக்குப் பதில் அங்கேயே வரும்.

நல்லம்பள்ளிக்காரி | வெள்ளி இரவு

தோழர், சுமை என்று சொன்னதை மறுக்கவில்லை. நேற்று துணைக்குப் படுத்த தங்கச்சி காலையில் ஐந்து மணிக்கு எழுந்து மில் வண்டிக்கு ஓடினாள். கிராம சபைத் தீர்மானம் நல்ல யோசனை, எழுதித் தருகிறீர்களா?

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். சுய உதவிக் குழுக்களை அமைத்த மகளிர் திட்டம் 1989-ல் முதலில் வந்தது நம் தருமபுரி மாவட்டத்துக்குத்தான். எங்கள் அம்மா அந்தக் காலத்துக் குழுவில் இருந்தவர். சேமிப்பு ஒரு பக்கம், யாருக்கு உடம்பு சரியில்லை, யார் வீட்டில் அடி விழுகிறது என்று பேசுவது ஒரு பக்கம். இப்போது குழுக் கூட்டம் என்றால் தவணைக் கூட்டம். இந்த அக்கா நான்கு கூட்டத்துக்கு வராமல் இருந்தபோது எங்கள் யாருக்கும் "ஏன்" என்று கேட்கத் தோன்றவில்லை, "பணம் எங்கே" என்றுதான் பேசிக்கொண்டோம். அரசாங்கம் டாக்டரைத் தரட்டும், மாத்திரையைத் தரட்டும், பட்டாவைத் தரட்டும். ஆனால் அந்த ஏன் என்ற கேள்வியைப் பக்கத்து வீட்டுக்காரிதான் கேட்க முடியும். குழுக்களின் ஊராட்சிக் கூட்டமைப்பில் நலிந்தவர்களுக்கு என்று நிதி இருக்கிறது. அதிலிருந்து ஆஸ்பத்திரி போய்வரும் செலவுக்குக் கேட்டிருக்கிறோம்.

ஓசூர் பி ஷிப்ட் | வெள்ளி நள்ளிரவு

வாரத் தவணைக் கடனைப் பற்றி யாரும் எழுதவில்லை. என் அம்மாவுக்கு என் நோயைவிட அதுதான் பெரிய பயமாக இருந்தது. வசூலுக்கு வருபவர் வாசலில் உட்கார்ந்துவிடுவார், எனக்கு அவரைப் பார்த்தால் இன்னும் அதிகமாகும்.

ரிசர்வ் வங்கியின் 2022 விதிப்படி நுண்கடன் வசூலுக்காகக் காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் கடன் வாங்கியவரை அழைக்கக் கூடாது. எல்லாக் கடன் தவணையும் சேர்ந்து குடும்ப மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. மிரட்டி வசூலிப்பதற்கு எதிராகத் தமிழ்நாட்டில் 2025-ல் தனிச் சட்டமே வந்துவிட்டது. இதைச் சொன்னால் கடன் தள்ளுபடி ஆகாது. ஆனால் ராத்திரி வாசலில் உட்காருவது நிற்கும். குழுவில் நான்கு பேர் சேர்ந்து நின்று சொல்லுங்கள். ஒருவராகச் சொன்னால் கேட்க மாட்டார்கள்.

நல்லம்பள்ளிக்காரி | அடுத்த புதன் இரவு

நடந்ததைச் சொல்கிறேன்.

ஆஸ்பத்திரிக்குப் போனோம். காலையில் கூட்டத்தைப் பார்த்ததும் பையன் திரும்பிப் போகலாம் என்றான். கட்டாயப்படுத்தவில்லை. வெளியே மரத்தடியில் உட்கார்ந்து டீ குடித்தோம். கூட்டம் குறைந்ததும் தானாகவே உள்ளே வந்தான். டாக்டர் அவனிடம்தான் முதலில் பேசினார், அம்மாவிடம் பிறகு. நோட்டில் எழுதிப் போனது ரொம்ப உதவியது. மாத்திரை ஆரம்பித்தாயிற்று. சான்றுக்கு உடனே முடியாது, கொஞ்ச காலம் சிகிச்சையில் இருக்கட்டும், பிறகு மதிப்பீடு செய்யலாம் என்றார்கள். அம்மாவுக்கும் சீட்டுப் போட்டோம். அவருக்கும் மாத்திரை கொடுத்து, ஆலோசகரைத் தனியாகப் பார்க்கச் சொன்னார்கள்.

வீட்டுக்காரரிடம் நானும் எங்கள் குழுத் தலைவியும் போனோம். மாந்தோப்பு அண்ணா சொன்னபடி இரண்டு போன் நம்பரை எழுதிக் கொடுத்தோம். ராத்திரி எந்நேரமும் கூப்பிடலாம், கால் மணி நேரத்தில் வந்துவிடுவோம் என்றோம். சரி என்று சொல்லவில்லை. ஆடி வரைக்கும் பார்க்கிறேன் என்றார். இப்போதைக்கு அது போதும்.

விதவை உதவித்தொகை மனு திங்கட்கிழமை கொடுத்தாயிற்று, எண் வாங்கியாயிற்று. பட்டா, இழப்பீடு இரண்டும் இன்னும் தொடவில்லை. மேஸ்திரி போனை எடுக்கவில்லை.

ஊத்தங்கரை வாத்தியார் | அடுத்த புதன் இரவு

மேஸ்திரி எடுக்காவிட்டால் விடுங்கள், கூட வேலை செய்தவர்களைத் தேடுங்கள். அந்த சைட்டுக்கு உங்கள் பக்கத்திலிருந்து போனவர்கள் ஊர்த் திருவிழாவுக்குக் கட்டாயம் வருவார்கள். அப்போது இரண்டு பேரிடம் எழுதி வாங்கிவிடலாம். எஃப்.ஐ.ஆர். நகலுக்குச் சட்டப் பணிகள் ஆணைக்குழு வழியாகக் கேளுங்கள். பெண் பள்ளிக்கு வருகிறாளா?

நல்லம்பள்ளிக்காரி | அடுத்த புதன் இரவு

வருகிறாள் சார். வகுப்பு டீச்சரிடம் சொல்லிவிட்டேன்.

அஞ்செட்டி மலை | வியாழன் காலை

முதல் தடவை எழுதுகிறேன். எங்கள் பக்கத்து ஊரில் ஒரு அண்ணனைச் சங்கிலி போட்டு மாட்டுக் கொட்டகையில் கட்டி வைத்திருக்கிறார்கள். வெகு காலமாக. பெற்றவர்களுக்கு வயசாகிவிட்டது, அவிழ்த்துவிட்டால் காட்டுப் பக்கம் போய்விடுவான் என்று அழுகிறார்கள். போலீசில் சொல்லலாமா? சொன்னால் பெற்றவர்களைப் பிடித்துவிடுவார்களா?

அரூர் ஸ்டாஃப் நர்ஸ் | வியாழன் மதியம்

எந்த வடிவிலும் சங்கிலி போடக் கூடாது என்று 2017 சட்டத்தின் 95-ஆம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது. வீட்டில் வைத்துக் கொடுமைப்படுத்தினாலோ கவனிக்காமல் விட்டாலோ போலீஸ் மாஜிஸ்திரேட்டுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பதும் சட்டத்தில் இருக்கிறது. ஆனால் நீங்கள் சொல்லும் பெற்றவர்கள் பயத்தில் கட்டியிருக்கிறார்கள். போலீஸ் வண்டி போய் நின்றால் அந்த அண்ணனும் மிரளுவார், பெற்றவர்களும் கதவைச் சாத்திவிடுவார்கள்.

முதலில் மாவட்ட மனநலக் குழுவுக்குத் தெரிவியுங்கள். தேன்கனிக்கோட்டை அரசு ஆஸ்பத்திரியில் கேட்டால் தொடர்பு கிடைக்கும், 104-லும் கேட்கலாம். நேரில் வந்து பார்க்கச் சொல்லுங்கள். அவர் சாப்பிடுகிறாரா, காலில் புண் இருக்கிறதா, காய்ச்சல் இருக்கிறதா என்று மட்டும் பார்த்து எழுதுங்கள். புண் சீழ் பிடித்திருந்தால் காத்திருக்காமல் 108.

தேன்கனிக்கோட்டை தோழர் | வியாழன் இரவு

அஞ்செட்டி தம்பி, ஊர் பெயரைப் பொதுவில் போடாதீர்கள், எனக்குத் தனிச்செய்தியில் அனுப்புங்கள். ஆஸ்பத்திரியில் மனநல டாக்டர் எந்த நாள் வருகிறார் என்று நாளைக் காலையில் நேரில் போய்க் கேட்டுவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை வண்டி எடுத்துக்கொண்டு வருகிறேன். நீங்கள் கூட இருந்தால்தான் அந்த வீட்டுக்காரர்கள் என்னிடம் பேசுவார்கள்.

அஞ்செட்டி மலை | வியாழன் இரவு

அனுப்பிவிட்டேன் அண்ணா. ஞாயிறு எட்டு மணிக்கு பஸ் ஸ்டாண்டில் நிற்கிறேன்.